சுத்தியலைத் தூக்கும் முன் பட்டாவைப் பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தோட்டத்து வீடுகளில் சாய வாசனை வீசத் தொடங்கிவிடும். ஓட்டை விழுந்த தகரம் மாற்றப்படும். குசினியில் டைல்ஸ் ஒட்டப்படும். அஞ்சடியை அடைத்து, திருமணமாகப் போகும் மகனுக்கு ஓர் அறை எடுக்கப்படும். நெகிரி செம்பிலானில் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

வீட்டைப் புதுப்பிப்பது நல்ல காரியம்தான். ஆனால், அந்த வீடு யாருடையது என்ற கேள்வியை நம்மவர்களில் பலர் கேட்பதே இல்லை. கேட்காமல் கொட்டிய பணம், தோட்டம் கைமாறும் நாளில் மண்ணோடு மண்ணாகப் போய்விடுகிறது. போவது சாதாரணப் பணமும் அல்ல. முப்பது ஆண்டுகள் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்ந்த சேமநிதிப் பணம்.

ஆகவே, பழைய வீட்டில் கைவைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது, இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? இரண்டாவது, வேலையை எங்கிருந்து தொடங்குவது? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குப் போகக்கூடாது.

திரும்பிப் போகிறவர்களுக்குக் கட்டிய வீடு

தோட்டத்து லயங்கள் நிரந்தரக் குடியிருப்பாகக் கட்டப்பட்டவை அல்ல. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தனர். உதவிப் பணத்தோடு ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசாங்கம் தடை செய்யும்வரை அந்தப் போக்குவரத்து நீடித்தது. வந்தவர்கள் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்றே தோட்ட முதலாளிகள் எண்ணினார்கள். வந்தவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். அந்த எண்ணத்துக்கு ஏற்றபடிதான் வீடும் அமைந்தது. நீண்ட ஒரே கூரை, வரிசையாக அறைகள், முன்னால் பொது அஞ்சடி, பின்னால் பொதுக் குழாய்.

ஆனால், பெரும்பாலோர் திரும்பவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். லயத்துக்குப் பக்கத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்ந்தன. கோயில் எழுந்தது, தமிழ்ப்பள்ளி எழுந்தது. ஓர் அறை வீடு இரண்டு அறையானது. மனத்தளவில் அது சொந்த வீடாகிவிட்டது. காகிதத்தில் மட்டும் ஆகவில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 1950-களிலேயே நம் சமுதாயம் கண்டது. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. தோட்டத் துண்டாடல் என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனைக்குப் பதிலாகத்தான், துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கி வைத்தார். பாட்டாளிகளின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் முயற்சி அது. நிலம் நம் பெயரில் இருந்தால்தான் வீடு நிலைக்கும் என்பதே அதன் அடிப்படை.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. நீலாய், சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று இன்று வீடமைப்புப் பகுதிகளாகத் தெரியும் இடங்களில் ஒரு காலத்தில் தோட்டங்கள் இருந்தன. இன்று பால்மரமோ செம்பனையோ நிற்கும் இடம் நாளை என்னவாகும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

யார் வீடு, யார் செலவு?

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் கூரை ஒழுகினால் யார் பழுது பார்க்க வேண்டும்? 'நாம்தானே குடியிருக்கிறோம், நாம்தான் பார்க்க வேண்டும்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1966-இலேயே வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை மக்கள் 446-ஆம் சட்டம் என்று சொல்வார்கள். தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பதும், சாயமோ சுண்ணாம்போ பூசுவதும், போதிய குழாய் நீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வதும் முதலாளியின் கடமை என்று அது கூறுகிறது. முன்பு தோட்டம், சுரங்கம் ஆகியவற்றை முதன்மையாகக் கருதிய இந்தச் சட்டம், 2020 ஜூன் 1 முதல் மற்றத் தொழில்துறைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அனுமதி இல்லாமல் வீட்டை நீட்டிக் கட்டுவதும், அமைப்பை மாற்றுவதும் நடக்காமல் பார்த்துக்கொள்வதும் முதலாளியின் பொறுப்பு. அதாவது, நாம் ஆசையாக எடுத்த கூடுதல் அறை சட்டத்தின் பார்வையில் அனுமதியற்ற கட்டடமாகிவிடக் கூடும். நிர்வாகி நல்லவராக இருந்து கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். அடுத்து வரும் நிர்வாகியும் அப்படியே இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவன் மனைவி இருவரும் ஒரே தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. அதில் 20,000 வெள்ளியை எடுத்துக் குசினியை அகலப்படுத்தி, குளியலறையைச் சிமெண்டில் கட்டுகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் தோட்டம் விற்கப்படுகிறது. ஆட்குறைப்புக்கு ஆளானால், 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இழப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 15 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள் என்பது அந்தக் கணக்கு. முப்பது ஆண்டுக்கு 600 நாள் சம்பளம் வரும். ஆனால், அந்தக் கணக்கில் சேவைக்கும் சம்பளத்துக்கும்தான் இடமுண்டு. குசினிக்கும் குளியலறைக்கும் இடமில்லை. அந்த 20,000 வெள்ளி இயந்திரத்தின் ஒரே இடியில் போய்விடும்.

ஆகவே, தோட்ட வீட்டில் இருப்பவர்கள் சில வழிகளைக் கடைப்பிடிப்பது நல்லது.

கூரை, சுவர், கால்வாய், மின்கம்பி இவற்றில் பழுது இருந்தால், வாயால் சொல்லாமல் எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கொடுங்கள். கிராணியிடம் ஒரு நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் சங்கத்தையும் நாடலாம்.

சொந்தச் செலவு செய்தே ஆக வேண்டுமென்றால், போகும்போது தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளுக்குச் செய்யுங்கள். அலமாரி, காற்றாடி, தண்ணீர்த் தொட்டி, அடுப்பு மேடைக்கு எஃகு மேசை ஆகியவை நம்மோடு வரும். சுவரும் தரையும் வரமாட்டா.

மிச்சமுள்ள பணம் சொந்த வீட்டுக்குப் போகட்டும்.

சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள்

சொந்த வீடு என்றதும் இன்னொரு சிக்கல் தலைகாட்டுகிறது. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே நரைத்த சில முதியவர்கள் கையில் இன்னும் சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. அவர்கள் நிரந்தர வசிப்பிடவாசிகள், ஆனால் குடிமக்கள் அல்லர். தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவின்படி, குடிமகன் அல்லாதவர் நிலம் வாங்க மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். சென்ற ஆண்டு வேலைக்கு வந்திறங்கிய வெளிநாட்டு அதிகாரிக்கு உள்ள அதே பிரிவு, எழுபது ஆண்டுகள் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிக்கும் பொருந்துகிறது. சொந்த ஊரிலேயே அந்நியராக நிற்பது என்பது இதுதான்.

குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால், வீடு வாங்க முன்பணம் கட்டுவதற்கு முன்பே மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். யார் பெயரில் வாங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். முன்பணம் போன பிறகு கண்ணைக் கசக்குவதில் பயனில்லை.

நெகிரி செம்பிலானுக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. தோட்டத்து எல்லையைத் தாண்டினால் மினாங்கபாவ் கம்பங்கள். அங்கே பாரம்பரிய நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. இந்த வழக்கத்தை 1909-ஆம் ஆண்டிலேயே சட்டமாக எழுதி வைத்தார்கள். வழக்க நிலம் என்று பதிவான நிலத்தை அந்தக் குலத்துப் பெண்களைத் தவிர வேறெவரும் பெற முடியாது. கோலப்பிலா, ரெம்பாவ் பக்கம் அழகான பழைய மர வீடு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று எவராவது சொன்னால், முதலில் நிலத்தின் வகையை விசாரியுங்கள். வழக்க நிலமும் மலாய் ஒதுக்கீட்டு நிலமும் நாம் வாங்கக்கூடியவை அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேற நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வேலியின் ஒரு பக்கம், வீடு தாயிடமிருந்து மகளுக்குப் பட்டாவோடு போகிறது. மறு பக்கம், மூன்று தலைமுறை வாழ்ந்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சொந்த வீடுதான், ஆனால் யார் பெயரில்?

சரி, பட்டா இருக்கிறது. 'கிராண்டு' பெட்டிக்குள் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால், அதில் இருப்பது காலமான தாத்தாவின் பெயர் என்றால்? நம் குடும்பங்களில் இது சர்வ சாதாரணம். அண்ணன் செலவு செய்து வீட்டைப் புதுப்பிப்பார். பிறகு தம்பியும் தங்கையும் பங்கு கேட்பார்கள். பாசம் கோர்ட்டு வாசலில் போய் நிற்கும். சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் 1955-இன் கீழ் நில அலுவலகத்திலேயே பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்யலாம். சிமெண்டு மூட்டை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி. 1974-ஆம் ஆண்டின் சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, எழுத்துமூல அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது. இருக்கும் வீட்டை நீட்டுவதும் மாற்றுவதும் அதில் அடங்கும். சிரம்பான், நீலாய் பகுதியினர் 2020-இல் உருவான சிரம்பான் மாநகர் மன்றத்துக்கும், போர்ட்டிக்சன் பகுதியினர் அங்குள்ள நகராண்மைக் கழகத்துக்கும் போக வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டினால் அபராதமும் உடைப்பும் வரலாம்.

இந்த விதிகளை வெறும் தொல்லை என்று எண்ண வேண்டாம். 1984-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட விதிகளின்படி, அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னல் இருக்க வேண்டும். அதில் பாதியாவது காற்று வரத் திறந்திருக்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் 100 சதுர அடி. சன்னல் 10 சதுர அடி, திறப்பு 5 சதுர அடி. அஞ்சடியை அடைத்து முன்னால் ஓர் அறை எடுக்கும்போது என்ன நடக்கிறது? நடு அறையின் ஒரே சன்னல் புதிய அறைக்குள் போய்விடுகிறது. பகலிலும் விளக்குப் போட வேண்டியதாகிறது. ஈரம் தங்குகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, பிள்ளைக்கு இருமல் விடுவதில்லை. ஓர் அறை கிடைத்தது என்று மகிழ்ந்து, இருந்த அறையைக் கெடுத்த கதை இது.

எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் டைல்ஸ், பிறகு சாயம், பிறகு 'சீலிங்'. அடுத்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி மூன்றும் பாழாகின்றன. சரியான வரிசை வேறு.

முதலில் தண்ணீர். கூரை, மழைநீர்த் தூம்பு, வீட்டைச் சுற்றிய கால்வாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். அடைபட்ட தூம்பில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, டிங்கிக் காய்ச்சலும் வரும்.

இரண்டாவது தூணும் மரமும். பழைய வீடுகளில் மரத்தூணைக் கல்லின் மேல் நிறுத்தியிருப்பார்கள். அடியில் காற்றோட்டம் இருக்கும், மண் தொடாது. நம்மவர்கள் பலமாக்குவதாக எண்ணித் தூணின் அடியைச் சிமெண்டு போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே ஈரம் அடைபடுகிறது. கரையான் மண்ணிலிருந்து சிமெண்டு வெடிப்பு வழியாக மரத்துக்குள் ஏறிவிடுகிறது. வெளியே பார்த்தால் தூண் நன்றாகத்தான் இருக்கும், விரலால் தட்டினால் பொந்துச் சத்தம் வரும். அடிப்பகுதி திறந்திருக்கட்டும், மண் குழாய் தெரிந்தால் கரையான் மருந்தடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

மர வீடு என்றாலே இடித்துத் தள்ள வேண்டும் என்பதில்லை. ஆணியே இல்லாமல் 99 தூண்களில் நிற்கும் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை 1908-இல் கட்டி முடிக்கப்பட்டது. பராமரித்தால் மரம் நூறாண்டைத் தாண்டும்.

மூன்றாவது மின்சாரம். பழைய கம்பியில் புதிய குளிர்சாதனத்தையும் வெந்நீர்ச் சாதனத்தையும் மாட்டுவது நெருப்போடு விளையாடுவது. தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனைக் கொண்டு முழு வீட்டையும் சோதியுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கையில் பிடித்து வேலை செய்யும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், குளியலறை போன்ற ஈர இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்பது விதிமுறை. அந்தக் கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது வீட்டில் உள்ளவர்கள் வேலை.

இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் குளியலறை, குசினி, கடைசியாகச் சாயம்.

அந்தச் சாம்பல் நிறக் கூரை

இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை. நெளிநெளியாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும் பழைய கூரைத் தகடு அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டாக இருக்கலாம். அது உடையாமல் கூரையில் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. உடைத்தாலும் அறுத்தாலும் துளையிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டாசும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூச்சில் போன நார் நோயாக வெளிப்பட 20, 30, 40 ஆண்டுகள் கூட ஆகலாம். அதனால்தான் 'எங்கள் அப்பா கையாலேயே உடைத்தார், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சை நம்பக்கூடாது.

சனிக்கிழமை நண்பர்களைக் கூட்டி வந்து சுத்தியலால் தட்டி இறக்கும் வேலை அல்ல இது. அனுபவமுள்ளவர்கள் தகட்டை நனைத்து, முழுதாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி இறக்குவார்கள். தகுந்த முகக்கவசம் அணிவார்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது. விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அஸ்பெஸ்டாஸ் தூளும் நாரும் 2005-ஆம் ஆண்டு விதிமுறையில் அபாயக் கழிவாகப் பட்டியலிடப்பட்டவை. ஆற்றோரத்திலோ செம்பனைக் காட்டிலோ கொண்டு போய்க் கொட்டுவது குற்றம்.

குத்தகையாளரும் பணமும்

தெரிந்தவர், தூரத்து உறவு என்று நம்பி, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்பவர்கள் நம்மில் ஏராளம். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். என்ன வேலை, என்ன பொருள், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். கடைசிப் பகுதியை ஒரு பெருமழை பெய்து கூரை தாங்கிய பிறகு கொடுப்பது புத்திசாலித்தனம்.

ஏமாற்றப்பட்டால் ஓய்ந்துவிட வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டு போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. சிக்கல் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீது, ஒப்பந்தம், வேலையின் படம் ஆகியவைதான் அங்கே நமக்குச் சாட்சி.

சேமநிதிப் பணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2024 மே 11 முதல் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புதிதாக வரும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு 'செஜாத்ரா' கணக்குக்கும், 10 விழுக்காடு 'பிளெக்சிபல்' கணக்குக்கும் போகிறது. வீடு வாங்கவும், கட்டவும், வீட்டுக்கடனைக் குறைக்கவும் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து எடுக்கலாம். சாயமும் டைல்சும் அந்த வகையில் வரமாட்டா. எதற்கும் எடுக்கலாம் என்பது 'பிளெக்சிபல்' கணக்கு மட்டுமே. பழுது பார்க்க ஒதுக்கும் தொகையை அதற்குள் அடக்கிக்கொண்டால் முதுமைக்கு ஆபத்தில்லை.

நம் முன்னோர் திரும்பிப் போகலாம் என்று வந்து, தற்காலிக வீட்டை உழைப்பால் நிரந்தர வீடாக்கினார்கள். ஆனால் அந்த உழைப்பை எந்தப் பட்டாவும் பதிவு செய்யவில்லை. அடுத்த தலைமுறை அதே தவற்றைச் செய்யக்கூடாது. இந்த வாரமே வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டா இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருப்பவர் பெயரா என்று பாருங்கள். இல்லையென்றால், தீபாவளிச் சாயத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு நில அலுவலகத்துக்குப் போகும் பேருந்துக் கட்டணமாக இருக்கட்டும்.